தொண்டை மாறினும் தொனி மாறாமை: ராக் இசைக்குழுக்களின் பாடகர் மாற்றமும் குரலின் இயற்பியலும்

மின்கிட்டார், பாஸ் கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு ஆகிய கருவிகளோடு ஒரு முன்னணிப் பாடகரும் சேர்ந்து இயங்கும் ராக் இசைக்குழுவில், கருவி வாசிப்பவர் விலகும்போது எழாத ஒரு சிக்கல் பாடகர் விலகும்போது எழுகிறது. புதிதாக வரும் கிட்டார் கலைஞர், முன்னவர் பயன்படுத்திய அதே வகைக் கிட்டாரையும் ஒலிபெருக்கியையும் வாங்கி, அவருடைய விரல்முறையையும் பயின்றுகொண்டால், கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாத அளவுக்கு வாசித்துவிட முடியும். பாடகரின் கருவியோ அவருடைய உடலுக்குள்ளேயே இருப்பதால், அதை அடுத்தவரிடம் ஒப்படைக்க வழியே இல்லை.

ஆயினும் இம்மாற்றம் ராக் இசை வரலாற்றில் பலமுறை நிகழ்ந்திருக்கிறது. 1975இல் ஜெனிசிஸ் குழுவிலிருந்து பீட்டர் கேப்ரியல் விலகியபோது, அக்குழுவின் டிரம்ஸ் கலைஞரான ஃபில் காலின்ஸே பாடகரானார். 1979இல் பிளாக் சாபத் குழு ஓசி ஆஸ்போர்னை விலக்கிவிட்டு ரானி ஜேம்ஸ் டியோவைச் சேர்த்துக்கொண்டது. 1980 பிப்ரவரியில் பான் ஸ்காட் லண்டனில் இறந்தபின் ஏசி/டிசி குழு பிரையன் ஜான்சனைத் தேர்ந்தெடுத்தது. 1985இல் டேவிட் லீ ராத் விலகியபின் வான் ஹேலன் குழுவுக்குச் சாமி ஹாகர் வந்தார். 2007இல் அமெரிக்காவின் ஜர்னி குழு பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் தன் புதிய பாடகரைக் கண்டெடுத்தது. இவற்றுள் சில குழுக்கள் முன்னிலும் பெரிய வெற்றி கண்டன. சிலவற்றின் இசை வேறு திசையில் சென்றது. சில குழுக்களோ பழைய ஒலியை வியக்கத்தக்க அளவுக்கு மீட்டெடுத்தன. இவ்வேறுபாடுகளுக்கு ஒலியியலும் உடலியலும் செவிப்புல உளவியலும் தரும் விளக்கங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், ஒரு குழுவின் ஒலி என்று கேட்பவர் அறிவது பாடகரின் தொண்டையில் மட்டும் தங்கியிருக்கவில்லை என்பதும், கருவிகளுக்கு நடுவே அந்தக் குரல் எந்த அதிர்வெண் பரப்பில், எவ்வளவு அழுத்தத்தோடு நிற்கிறது என்ற உறவிலேயே அதன் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பதும் தெளிவாகும்.

மூலமும் வடிகட்டியும்

மனிதக் குரல் இரு கட்டங்களில் உருவாகிறது என்ற விளக்கத்தைச் சுவீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் குன்னார் ஃபான்ட் 1960இல் வெளியிட்ட நூலில் முழுமையான கோட்பாடாக வகுத்தார். இது மூலம்–வடிகட்டிக் கோட்பாடு எனப்படுகிறது. முதற்கட்டத்தில், நுரையீரலிலிருந்து மேலெழும் காற்று குரல்வளையிலுள்ள இரு குரல் நாண்களின் இடையே புகும்போது, அவை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடிக் காற்றோட்டத்தைச் சிறு துடிப்புகளாக நறுக்குகின்றன. ஒரு விநாடியில் எத்தனை துடிப்புகள் நிகழ்கின்றனவோ அதுவே அடிப்படை அதிர்வெண்; பாடப்படும் சுரத்தின் உயரத்தை அதுதான் முடிவு செய்கிறது. அத்துடிப்புகளில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு எனத் தொடரும் மேற்சுரங்களும் கலந்திருக்கின்றன.

இரண்டாம் கட்டத்தில், இந்த ஒலி குரல்வளைக்கு மேலுள்ள தொண்டை, வாய் ஆகியவற்றாலான குழாயைக் கடந்து வெளியேறுகிறது. வளர்ந்த ஆணின் உடலில் ஏறக்குறைய 17 செ.மீ. நீளமுள்ள இக்குழாய், ஒரு முனை மூடி மறுமுனை திறந்த குழாயைப் போல இயங்குவதால், தனக்கே உரிய சில அதிர்வெண்களில் ஒத்ததிர்ந்து, அவற்றை ஒட்டிய மேற்சுரங்களை மட்டும் வலுப்படுத்துகிறது. குழாய் எங்கும் ஒரே அகலத்தில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டால் இந்த ஒத்ததிர்வு முகடுகள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். ஃபார்மன்ட் என்று ஒலியியலார் அழைக்கும் இம்முகடுகள், நாக்கும் தாடையும் உதடும் அசையும்போதெல்லாம் இடம் மாறுகின்றன. நாகசுரத்தில் சீவாளி எழுப்பும் அதிர்வுக்கு உலவு நாதம் கொடுப்பதைப் போலவே, குரல் நாண்கள் எழுப்பும் அதிர்வுக்கு இக்குழாய் நிறம் கொடுக்கிறது எனலாம். ஆனால் நாகசுரத்தில் சுரத்தின் உயரத்தை முடிவு செய்வதிலும் உலவுக்குப் பங்குண்டு, குரலிலோ சுரத்தின் உயரமும் குழாயின் நிறமும் பெரும்பாலும் ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன.

பாடகர் மாற்றத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை அடிப்படையானது. முதல் இரண்டு ஃபார்மன்ட்களின் நிலையே உயிரொலிகளை வேறுபடுத்திக் காட்டுகிறது; அவை நாக்கு, தாடை ஆகியவற்றின் கட்டுப்பாட்டில் இருப்பதால், ஒரு பாடகர் நீட்டும் ஆகாரத்தையும் குறுக்கும் இகரத்தையும் இன்னொருவர் பயிற்சியால் அப்படியே கைவரச் செய்யலாம். சொல்லைத் தொடங்கும் அழுத்தம், சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் முறை, நீண்ட சுரத்தில் எழும் வைப்ராட்டோ எனப்படும் சீரான அசைவு ஆகியவையும் கற்கக்கூடியவையே. மாறாக, மூன்றாவது முதல் ஐந்தாவது வரையான ஃபார்மன்ட்கள் குழாயின் மொத்த நீளத்தையும் குரல்வளையை ஒட்டிய குறுகிய பகுதியின் வடிவத்தையும் பெரிதும் சார்ந்திருப்பதால், எலும்பும் குருத்தெலும்பும் வகுத்த எல்லைக்குள்ளேயே அவற்றைச் சற்று நகர்த்த முடியும். ஆக, முன்னவரின் பாடும் முறையை ஒரு வாரிசுப் பாடகர் முழுமையாகக் கற்றாலும், அவருடைய குரல் நிறத்தில் ஒரு பகுதி கல்விக்கு எட்டாமலே நின்றுவிடுகிறது.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது

மேற்கத்தியச் செவ்வியல் பாடகர்கள் தவிர்க்க முயலும் கரகரப்பு, ராக் பாடகர்களுக்குக் கலைக் கருவியாகிறது. குரல் நாண்கள் ஒழுங்காகத் துடிக்கும்போது ஒவ்வொரு துடிப்பும் முந்தையதை ஒத்திருக்கும். காற்றழுத்தம் மிகும்போதும் நாண்களின் இழுவிசை சமநிலை தவறும்போதும், இரண்டு அல்லது மூன்று துடிப்புகளுக்கு ஒருமுறை மட்டுமே அமைப்பு மீளும்வகையில் அதிர்வு மாறிவிடும். அப்போது அடிப்படை அதிர்வெண்ணின் பாதியிலோ மூன்றில் ஒரு பங்கிலோ புதிய கூறுகள் தோன்றுகின்றன. கீழ்ச்சுரங்கள் எனப்படும் இவற்றின் தோற்றத்தில், குரல் நாண்களுக்குச் சற்று மேலே அமைந்து சாதாரணப் பேச்சில் அதிராமல் இருக்கும் பொய்க் குரல் நாண்களுக்கும் பங்கு இருக்கலாம்.

குயீன் குழுவின் ஃபிரெடி மெர்குரியுடைய குரலைப் பற்றி, ஆஸ்திரிய, சுவீடிய ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1991இல் மறைந்த பாடகரின் தொண்டையை நேரடியாக ஆராய வழியில்லாததால், அவருடைய ஒலிப்பதிவுகளையும் பேட்டிகளையும் அளந்ததோடு, அவரைப் போலப் பாட வல்ல ஒரு ராக் பாடகரின் குரல்வளையை விநாடிக்கு 4000க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும் கருவியால் அவர்கள் பதிவு செய்தனர். மெர்குரியின் பேச்சுக்குரல் ஏறக்குறைய 117 ஹெர்ட்ஸில் அமைந்து, நடுத்தரமான ஆண் குரலுக்குரியதாகவே இருந்தது. அவர் பாடும்போது எழுந்த வைப்ராட்டோ விநாடிக்கு ஏறக்குறைய 7 அசைவுகள் என்ற வேகத்தில், வழக்கமான பாடகர்களுடையதைவிட விரைவாகவும் சற்று ஒழுங்கின்றியும் இருந்தது. கரகரப்பான இடங்களைப் போலச் செய்து காட்டியவரின் தொண்டையில், குரல் நாண்களும் பொய்க் குரல் நாண்களும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இணைந்து துடித்தன. பேசும்போது தாழ்ந்திருக்கும் குரல் பாடும்போது உயர்ந்த பரப்பில் நின்றது என்ற கண்டுபிடிப்பு, ஒரு பாடகரின் மேடைக்குரல் அவர் உடலின் நேரடி விளைவாக அமையாமல், அந்த உடலைக்கொண்டு அவர் தேர்ந்து உருவாக்கிய ஒன்றாக இருப்பதை உணர்த்துகிறது.

கரகரப்பு கேட்பவரைத் தொடுவதற்கும் காரணம் உண்டு. ஒலியின் அளவு விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கும்போது அதைச் செவி சொரசொரப்பாக உணர்கிறது. மனிதர் அலறும்போது எழும் ஒலியில் இந்த ஏற்ற இறக்கம் மிகுந்திருப்பதையும், அது மூளையில் அச்ச உணர்வோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியைத் தூண்டுவதையும் 2015இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கரகரத்த ராக் குரல் அலறலின் இந்தப் பண்பை இசைக்குள் கொண்டுவருகிறது எனக் கொண்டால், வாரிசுப் பாடகரிடம் அந்தச் சொரசொரப்பு குறையும்போது சுரங்கள் அனைத்தும் சரியாக இருந்தும் பாட்டு வலுவிழந்ததாகத் தோன்றுவது ஏன் என்பது விளங்கும்.

கிட்டார்களுக்கு நடுவே ஓர் இடம்

மின்கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து ஒலிக்கச் செய்வது ராக் இசையின் அடையாளம். அவ்வாறு சிதைக்கும்போது எண்ணற்ற புதிய மேற்சுரங்கள் உருவாகி, ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸ் முதல், கிட்டார் ஒலிபெருக்கிகளின் ஆற்றல் விரைந்து குறையத் தொடங்கும் 5000 ஹெர்ட்ஸ் வரையான பரப்பை அடர்த்தியாக நிரப்பிவிடுகின்றன. நெருங்கிய அதிர்வெண்களில் இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் எழுந்தால் வலுவானது மற்றதை மறைத்துவிடும் என்பது செவியின் இயல்பு. ஆகவே பாடகரின் குரல் கேட்கவேண்டுமானால், கிட்டார்கள் விட்டுவைத்த இடத்தை அது பற்றிக்கொள்ளவேண்டும்.

உயர்ந்த சுரங்களில் பாடும் ஆண் குரல் இதற்கு ஏற்றதாக இருப்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 440 ஹெர்ட்ஸில் ஆகாரம் பாடும் ஒருவரின் முதல் மேற்சுரம் 880 ஹெர்ட்ஸில் விழுகிறது. வாயை அகலத் திறந்து குரல்வளையைச் சற்று உயர்த்தினால் முதல் ஃபார்மன்ட்டும் அந்த அளவை நெருங்கி வந்து, அந்த ஒரே மேற்சுரத்தைப் பெருமளவு வலுப்படுத்திவிடும். பேச்சில் இயல்பாகக் கூவி அழைப்பவர்கள் தம்மை அறியாமல் செய்வதும் இதுவே. மேலும், அடிப்படை அதிர்வெண் உயர உயர மேற்சுரங்களுக்கிடையேயான இடைவெளியும் விரிவதால், குரலின் ஆற்றல் சில கூர்மையான முகடுகளில் குவிந்து, கிட்டார்களின் அடர்ந்த ஒலியைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. ஏறக்குறைய 2.5 செ.மீ. நீளமுள்ள செவிக்குழாய் 3400 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வதால், 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையான பரப்பில் மனிதச் செவி மிகக் கூர்மையாக இருக்கிறது. கரகரத்த குரலின் உயர் மேற்சுரங்கள் வந்து சேர்வதும் இந்தப் பரப்பில்தான்.

இந்த நோக்கில் ஏசி/டிசி குழுவின் அனுபவம் தெளிவடைகிறது. பான் ஸ்காட்டின் குரலும் பிரையன் ஜான்சனின் குரலும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஜான்சனின் குரல் இன்னும் உயர்ந்த பரப்பில், ஏறத்தாழ இடைவிடாத கரகரப்போடு ஒலிப்பது. ஆனால் மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற சகோதரர்களின் இரு கிட்டார்களும், பாஸும் டிரம்ஸும், முந்தைய ஆல்பத்தை உருவாக்கிய தயாரிப்பாளர் ராபர்ட் ஜான் லாங்கும் மாறவில்லை. ஸ்காட்டின் குரல் நின்ற இடத்திலேயே, கிட்டார்களுக்கு மேலே, ஜான்சனின் குரலும் நின்றது. பஹாமாஸ் தீவுகளின் நாசாவு நகரில் பதிவாகி 1980 ஜூலையில் வெளியான ‘பேக் இன் பிளாக்’ ஆல்பம் உலகெங்கும் ஏறக்குறைய 5 கோடிப் படிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. குரல் மாறியும் குழுவின் ஒலி மாறவில்லை என்று கேட்பவர் ஏற்றுக்கொண்டமைக்கு, நிறத்தைவிட இடம் முதன்மையானது என்பதே ஒலியியல் தரும் விளக்கம்.

இதற்கு நேரெதிரான நிலை 1990களில் அயர்ன் மெய்டன் குழுவில் எழுந்தது. மிக உயர்ந்த எல்லைவரை செல்லும் புரூஸ் டிக்கின்சனின் குரலுக்காக எழுதப்பட்ட பாடல்களை, அவர் விலகியபின் 1994 முதல் 1999 வரை பாடகராக இருந்த பிளேஸ் பெய்லி மேடையில் பாடவேண்டியிருந்தது. பெய்லியின் குரல் தாழ்ந்த பரப்பில் வலுவானது. புதிய பாடல்களில் அது தனக்குரிய இடத்தைப் பெற்றது என்றாலும், பழைய பாடல்களில் கிட்டார்கள் காலி செய்து வைத்திருந்த இடம் அதற்கு மேலே இருந்தது. ஒரு பாடகரின் திறமையையும் அவர் ஒரு குழுவின் ஒலியமைப்புக்குப் பொருந்துவதையும் தனித்தனியே மதிப்பிடவேண்டும் என்பதை இது காட்டுகிறது.

சுருதியை இறக்குதல்

குரல் பாட்டுக்கு எட்டாதபோது பாட்டைக் குரலுக்கு இறக்குவது பழைய வழி. மேற்கத்திய இசையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு அரைச்சுரங்களாகப் பிரிக்கப்படுவதால், ஓர் அரைச்சுரம் என்பது அதிர்வெண்ணில் ஏறக்குறைய 6 விழுக்காடு வேறுபாடு. பல ராக் குழுக்கள் மேடையில் கிட்டார்களை ஓர் அரைச்சுரம் இறக்கி வாசிக்கின்றன. பாடகருக்கு மிக உயர்ந்த சுரங்களில் இது சிறிதளவேனும் ஆறுதல் அளிக்கிறது.

ஆனால் சுருதி இறங்கும்போது எல்லாக் கூறுகளும் ஒரே அளவில் இறங்குவதில்லை. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியை ஓர் அரைச்சுரம் இறக்க இழுவிசையை ஏறக்குறைய 11 விழுக்காடு தளர்த்தவேண்டியிருக்கிறது. தளர்ந்த கம்பி சற்று மந்தமாகவும் கனமாகவும் ஒலிக்கிறது. பாடகரின் ஃபார்மன்ட்களோ உடலைச் சார்ந்தவை என்பதால், வாயமைப்பு மாறாதவரை இருந்த இடத்திலேயே நிற்கின்றன. அதனால் முன்னர் குறிப்பிட்ட மேற்சுரமும் ஃபார்மன்ட்டும் ஒன்றுகூடும் நிலை குலைந்து, அதே பாட்டின் உச்சம் கூவலின் வலுவை இழந்துவிடக்கூடும்.

கேட்பவரின் நினைவும் இதில் தலையிடுகிறது. டேனியல் லெவிட்டின் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சியை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்படாத 46 பேர், தமக்கு நன்கு தெரிந்த இரு பாடல்களை நினைவிலிருந்து பாடினர். அவர்களுள் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இரண்டு முறையும் மூல ஒலிப்பதிவின் சுருதிக்கு இரண்டு அரைச்சுர எல்லைக்குள் பாடினர். பழகிய பாட்டின் சுருதியைச் சாதாரண மனிதரின் நினைவும் ஓரளவுக்குத் துல்லியமாகவே சேமித்து வைக்கிறது என்பதால், ஓர் அரைச்சுர இறக்கத்தைப் பலரும் கவனிக்காமல் விட்டாலும், மூன்று நான்கு அரைச்சுரங்கள் இறங்கும்போது பாட்டு எதனாலோ வேறாகிவிட்டது என்ற உணர்வு கேட்பவருக்கு ஏற்படுவது இயல்பே.

மூளை நடத்தும் இரு விசாரணைகள்

பாட்டை அடையாளம் காண்பதும் பாடுபவரை அடையாளம் காண்பதும் ஒரே செயல் போலத் தோன்றினாலும், மூளை அவற்றைப் பெருமளவு தனித்தனியே செய்கிறது. 2000இல் பாஸ்கல் பெலினும் அவருடைய குழுவினரும், மூளையின் இரு பக்கங்களிலும் காதுக்கு மேற்புறம் உள்ள மடலில், பிற ஒலிகளைவிட மனிதக் குரலுக்கே மிகுதியாகக் கிளர்ச்சியடையும் பகுதிகள் இருப்பதைக் கண்டறிந்தனர். ஒருவரின் குரலை மூளை தனியொரு பிரதியாகச் சேமிக்காமல், பொதுவான சராசரிக் குரலிலிருந்து அது எந்தத் திசையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவில் குறித்துக்கொள்கிறது என்ற கருத்துக்குப் பின்வந்த ஆய்வுகள் ஆதரவு அளிக்கின்றன. மூளைப் பாதிப்பால், சொற்களை நன்கு புரிந்துகொண்டும் பேசுபவர் யார் என்பதை மட்டும் அறிய இயலாமற்போகும் ஃபோனாக்னோசியா என்ற குறைபாடு, இவ்விரு திறன்களும் வேறுபட்டவை என்பதற்குச் சான்று.

பாட்டை அறிவதற்கோ குரலும் கருவிகளும் ஒன்றாகக் கலந்த ஒலிநிறமே துணைபுரிகிறது. கிளென் ஷெல்லன்பர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்கள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கே நீளமுள்ள துணுக்கிலிருந்தும் பாடலைத் தற்செயலாக ஊகிப்பதைவிடச் சரியாக இனங்கண்டனர். அவ்வளவு குறுகிய நேரத்தில் மெட்டும் தாளமும் வெளிப்பட வாய்ப்பே இல்லை. துணுக்கின் உயர் அதிர்வெண்களை நீக்கியபோதோ அதைப் பின்னோக்கி ஒலிக்கச் செய்தபோதோ அந்தத் திறன் மறைந்தது. பாடகர் வாய் திறக்கும் முன்பே, முதல் கிட்டார் ஒலியிலேயே, குழுவைக் கேட்பவர் அறிந்துவிடுகிறார் என்பதும், அவ்வாறு அறிந்தபின் வரும் குரலை அந்த எதிர்பார்ப்பின் ஊடாகவே அவர் கேட்கிறார் என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

ஜர்னி குழுவின் முப்பதாண்டுப் பரிசோதனை

சான்பிரான்சிஸ்கோவில் 1973இல் தொடங்கிய ஜர்னி, 1977இல் ஸ்டீவ் பெர்ரி வந்தபின்னரே பெரும்புகழ் பெற்றது. 1978இல் வெளியான ‘இன்ஃபினிட்டி’ ஆல்பத்தைத் தயாரித்தவர், அதற்கு மூன்றாண்டுகள் முன் குயீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’ பாடலை உருவாக்கத் துணைநின்ற ராய் தாமஸ் பேக்கர். குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்து அடுக்கும் அவருடைய முறையால், பெர்ரியின் உயர்ந்த தனிக்குரலுக்கு அடியில் ஓர் அகன்ற கூட்டுக்குரல் தளம் அமைந்தது. சிறிதே வேறுபடும் அதிர்வெண்களோடு பல குரல்கள் ஒரே சுரத்தைப் பாடும்போது, தனியொருவரின் அடையாளம் மங்கி, குழுவின் பொதுநிறம் மேலெழுகிறது. பாடகர் மாற்றத்தைத் தாங்கும் வலு அக்குழுவுக்குக் கிடைத்தது பெருமளவு இதனால்தான்.

1996இல் வெளியான ‘டிரயல் பை ஃபயர்’ ஆல்பத்துக்குப் பின், இடுப்பு மூட்டுச் சிதைவால் பெர்ரி சுற்றுப்பயணம் செய்ய இயலாத நிலையில், 1998இல் ஸ்டீவ் ஆகேரி பாடகரானார். அவரும் தொண்டைக் கோளாற்றால் 2006இல் விலக நேர்ந்தது. அடுத்து வந்த ஜெஃப் ஸ்காட் சோட்டோ ஓராண்டளவே நீடித்தார். அதன்பின் கிட்டார் கலைஞர் நீல் ஷான், மணிலாவில் பிறர் பாடல்களைப் பாடிவந்த ‘தி ஸூ’ என்ற குழுவின் காணொளிகளை யூடியூபில் கண்டு, அதன் பாடகர் ஆர்னெல் பினேடாவை அமெரிக்காவுக்கு அழைத்துச் சோதித்துப் பார்த்தார். 2007 டிசம்பரில் பினேடா ஜர்னியின் பாடகராக அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டில் வந்த ‘ரெவலேஷன்’ தொகுப்பில் புதிய பாடல்களோடு, பெர்ரி காலத்துப் பாடல்களையும் பினேடாவின் குரலில் மறுபதிவு செய்து குழு வெளியிட்டதால், அதே கருவிகளோடும் அதே மெட்டுகளோடும் குரல் ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்கும் அரிய வாய்ப்பு உருவாயிற்று.

அவ்வாறு ஒப்பிட்டுக் கேட்கும்போது, முன்பு பிரித்துக் காட்டிய இரு வகைக் கூறுகளும் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. உயர்ந்த சுரங்களில் இளைப்பாறாமல் நிற்கும் எல்லை, உயிரொலிகளை அகட்டும் முறை, சொல்லின் இறுதியை மெல்லத் திருப்பி முடிக்கும் பழக்கம் ஆகிய கற்கத்தக்கவை அனைத்திலும் பினேடா பெர்ரியை நெருங்கிவிடுகிறார். பல ஆண்டுகள் பிறருடைய பாடல்களை அவரவர் முறையிலேயே பாடிப் பழகிய தொழில்முறைப் பாடகருக்கு, நாவையும் தாடையையும் இன்னொருவரின் அமைப்புக்கு ஏற்ப வைப்பது கைவந்த கலையாகிவிட்டிருக்கும். எஞ்சி நிற்பது, பெர்ரியின் குரலில் இருந்த புகைபடர்ந்தது போன்ற மென்மைக்கும் பினேடாவின் சற்றுக் கூர்மையான ஒளிக்கும் உள்ள வேறுபாடு. அதைத் தனிக்குரல் பகுதிகளில் உணரும் செவி, கூட்டுக்குரல் பகுதி தொடங்கியதும் பெரும்பாலும் மறந்துவிடுகிறது.

பிற வழிகள்

ஒத்த குரலைத் தேடுவது ஒன்றே வழி என்பதில்லை. ஜெனிசிஸ் குழுவில் ஃபில் காலின்ஸ் முந்தைய ஆல்பங்களிலேயே துணைக்குரல் கொடுத்தும் ஓரிரு பாடல்களைத் தனியாகப் பாடியும் இருந்ததால், 1976இல் அவர் முன்னணிப் பாடகராக ஒலித்தபோது கேட்பவரின் செவிக்கு அக்குரல் முற்றிலும் அந்நியமாக இல்லை. விமான விபத்தில் 1977இல் தன் பாடகரை இழந்த லினர்ட் ஸ்கினர்ட் குழு, பத்தாண்டுகளுக்குப் பின் அவருடைய தம்பி ஜானி வான் ஸான்ட்டைச் சேர்த்துக்கொண்டது. உடன்பிறந்தாரின் தொண்டை அமைப்பும் அவர்கள் வளர்ந்த பேச்சுச் சூழலும் ஒத்திருக்க வாய்ப்பு மிகுதி. 1996இல் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு, தன் பாடல்களையே பாடிவந்த ஒரு நகல் குழுவிலிருந்து டிம் ஓவன்ஸைத் தேர்ந்தெடுத்தது. வான் ஹேலனும் பிளாக் சாபத்தும் பழைய குரலை நகலெடுக்க முயலாமல், வந்தவரின் எல்லைக்கேற்பப் புதிய பாடல்களை எழுதின. 1986இல் வெளியான வான் ஹேலனின் ‘5150’, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அக்குழு முதலிடம் பெற்ற முதல் ஆல்பமாயிற்று.

குயீன் குழுவோ, ஆடம் லாம்பர்ட்டோடு மேடையேறும்போது அவர் பெயரைக் குழுவின் பெயரோடு கூட்டல் குறியிட்டுச் சேர்த்து, மெர்குரியின் இடத்தை நிரப்புவதாக உரிமை கோராமல் நிகழ்ச்சி நடத்துகிறது. ‘பொஹீமியன் ராப்சடி’யின் நடுவில் வரும் ஓபரா பாணிக் கூட்டுக்குரல் பகுதியை, மெர்குரி இருந்த காலத்திலேயே மேடையில் பாட முடியாமல் ஒலிப்பதிவை இயக்கியே அளித்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது, கேட்பவர் நெஞ்சில் பதிந்த அந்த ஒலி எந்த ஒரு தொண்டைக்கும் சொந்தமானதாக இருந்ததில்லை.

தேய்மானமும் இயந்திரமும்

வாரிசுப் பாடகர் சுமக்கும் சுமை மூலப் பாடகர் சுமந்ததைவிடச் சில வகைகளில் கூடுதலானது. ஒரு நிகழ்ச்சியில் குரல் ஒலிக்கும் நேரம் மொத்தம் 40 நிமிடம் என்றும் சராசரி அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்றும் கொண்டால், குரல் நாண்கள் அந்த ஓர் இரவில் 9,60,000 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேடையின் இரைச்சலில் தம் குரல் கேட்காதபோது மனிதர் தம்மையறியாமல் உரக்கப் பாடும் இயல்பு, அதை முதலில் விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் லொம்பார்ட் விளைவு எனப்படுகிறது. அது ஒவ்வொரு மோதலின் வேகத்தையும் கூட்டி, நாண்களில் முடிச்சுகளும் வீக்கங்களும் தோன்ற இடமளிக்கிறது. காதுக்குள் பொருத்தும் சிறு காதொலிப்பான்கள் பாடகருக்கு அவருடைய குரலைத் தெளிவாகத் திருப்பித் தருவதால், இத்தேய்மானத்தை ஓரளவு தணிக்கின்றன.

கணினியைக்கொண்டு குரலையே மாற்றிவிடலாம் என்ற வாய்ப்பும் இப்போது திறந்திருக்கிறது. சுரத்தின் உயரத்தை மட்டும் மாற்றி ஃபார்மன்ட்களை அசையாமல் வைக்கும் கருவிகள் நெடுங்காலமாக உள்ளன. ஒருவர் பாடியதை இன்னொருவரின் குரல் நிறத்துக்கு மாற்றித் தரும் நரம்பு வலையமைப்பு மென்பொருள்கள் அண்மையில் வந்தவை. 2023 நவம்பரில் வெளியான பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ பாடலில், பழைய நாடாவில் பியானோவோடு கலந்திருந்த ஜான் லெனனின் குரலைக் கணினி தனியே பிரித்தெடுத்தது. அது அவர் உண்மையில் பாடிய குரலே என்பதால், போலிக் குரலை உருவாக்குவதிலிருந்து அம்முயற்சி வேறுபட்டது. குரல் நிறத்தை இயந்திரம் ஒட்டிவிட முடிந்தாலும், எந்தச் சொல்லில் காற்றழுத்தத்தைக் கூட்டுவது, எங்கே கரகரப்பை விடுவிப்பது என்ற முடிவுகளைப் பாடுபவரே எடுத்தாகவேண்டும். அவற்றில் தவறினால் சரியான நிறமும் பயன் தராது.

ஒரு குழுவின் ஒலியைக் காக்க விரும்புபவர் கவனிக்கவேண்டிய வரிசை இவற்றிலிருந்து தெளிவாகிறது. புதியவரின் குரல் பாடல்களின் உயரத்தில் இயல்பாக நிற்கவேண்டும் என்பது முதலாவது. கூட்டுக்குரல்களும் கருவிகளின் நிறமும் மாறாதிருக்கவேண்டும் என்பது அடுத்தது. உயிரொலிகளையும் சொல்லழுத்தத்தையும் பயின்றுகொள்வது மூன்றாவது. குரல் நிறத்தின் ஒற்றுமை கடைசியாகவே வரவேண்டியது. பெரும்பாலான ரசிகர்கள் வாதிடுவது இந்தக் கடைசிக் கூறைப் பற்றியே என்றாலும், அது மூலப் பாடகருக்கே நிலைத்திருக்கும் உடைமை அன்று. வயது ஏறும்போது குரல்வளைக் குருத்தெலும்புகள் இறுகி, நாண்களின் நெகிழ்ச்சி குறைந்து, உயர்ந்த சுரங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. முப்பது வயதில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியதை அறுபது வயதில் மேடையில் பாடும் ஒருவர், ஒலியியல் அளவுகோலில் தம் பழைய குரலிலிருந்து வெகுதூரம் விலகியே நிற்கிறார். கேட்பவர் ஒப்பிடுவது ஒரு மனிதரோடு இன்னொரு மனிதரை என்று தோன்றினாலும், உண்மையில் இருவரையும் அவர் ஒப்பிடுவது ஒரு குறிப்பிட்ட ஆண்டில் பதிவான தட்டோடுதான்; அந்த அளவுகோலின்முன் வாரிசுப் பாடகரும் மூலப் பாடகரும் ஒரே தேர்வை எழுதுபவர்களே.